கும்பகோணம் மூன்று, பாலக்காடு ஐந்து

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய அலுமினிய வாளி இருந்தது. அதில் நான் குளித்ததைவிட கிளாடியோலஸ் பூக்கள் குளித்ததுதான் அதிகம். மிகையாகச் சொல்லவில்லை. தில்லியில் ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு, குளிரில் பல் தந்தியடிக்க, துண்டும் சோப்புப் பெட்டியுமாகக் கதவைத் திறந்தால், சிவப்பும் மஞ்சளுமாக நீளத் தண்டுகள் கழுத்துவரை தண்ணீரில் முங்கி நின்றுகொண்டிருக்கும். குழாயில் தண்ணீர் வருவது எட்டு மணிவரைதான். எனக்கு பஸ் ஏழே முக்காலுக்கு. வாளியைக் காலி செய்யலாம் என்று கை வைத்தால் வெளியிலிருந்து அப்பாவின் குரல் வரும்: "நேத்து சாயந்தரத்துல இருந்து தண்ணியே குடிக்கலம்மா அது. இன்னும் ஒரு மணி நேரம் நிக்கட்டும்." பூவுக்குத் தாகமாம். பெற்ற மகள் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் தலைகுனிந்து நிற்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் சொம்பில் பிடித்து நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, மனதுக்குள் அவரைத் திட்டியபடியே ஓடுவேன்.

இதெல்லாம் எழுபதுகளின் கடைசியில், கிட்வாய் நகரில். அப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மேசை நாற்காலியில் தொடங்கி வழியனுப்பு விழாவரை அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது அவருடைய பிரிவுதான். யாராவது ஓய்வு பெற்றால், யாராவது பெரிய மனிதர் வந்தால், மேசைமேல் பூக்களை நிறுத்தி வைப்பார்கள். விழா முடிந்து சமோசாத் தட்டுகளை எடுக்கும்போதே பூக்களையும் குப்பைக்கு அள்ளுவார்கள். அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செய்தித்தாளில் சுற்றி, நெரிசலான பஸ்ஸில் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்புறம் சிகிச்சை ஆரம்பமாகும். தண்டை நேராக வெட்டக்கூடாது, சாய்வாக வெட்ட வேண்டும். அதுவும் தண்ணீருக்குள் வைத்தே வெட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளுமாம். தண்ணீரில் முங்கும் இலைகளையெல்லாம் கிள்ளிவிட வேண்டும், விட்டால் அழுகி நாறும். ஒரு சிட்டிகை சர்க்கரை போட வேண்டும். ரேஷன் சர்க்கரை! எங்கள் காபிக்கே அரைக் கரண்டிதான் என்றிருந்த காலத்தில், யாரோ ஒரு டைரக்டர் ஓய்வு பெற்ற பூவுக்குச் சர்க்கரைத் தண்ணீர். போதாததற்கு, அம்மாவின் தலைவலி மாத்திரையில் பாதியைப் பொடித்து அதில் கலப்பார். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தால் அட்டை காலியாக இருக்கும். தலைவலி இரண்டு பங்காகும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தப் பூக்கள் பத்து நாளைக்கு வாடாது. அதைச் சொல்லி அவரை மெச்ச எனக்கு அப்போது மனம் வந்ததில்லை.

அம்மாவுக்கோ குவளையில் பூ வைப்பது என்பதே பிடிபடவில்லை. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பூ என்றால் சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு. ஒரு முறை அப்பா ரஜனிகந்தா கொண்டுவந்தார். நம் ஊர்ச் சம்பங்கிதான். ஊரில் உதிரியாக விற்பதை இங்கே நீளத் தண்டோடு விற்பார்கள். எட்டுத் தண்டுகளைப் பித்தளைக் குடத்தில் நிறுத்தி, தினமும் கீழிருந்து இரண்டிரண்டாக விரியும் என்று எங்களுக்கு விளக்கமெல்லாம் சொல்லிவிட்டு, காய்கறி வாங்கப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. அவர் திரும்பி வருவதற்குள் அம்மா அத்தனையையும் உருவித் தொடுத்து முருகன் படத்துக்குச் சாத்திவிட்டாள். மிச்சம் அவள் கொண்டையிலும் என் பின்னலிலும் இருந்தது. குடத்தில் எட்டு மொட்டைத் தண்டுகள். அப்பா கையில் பையோடு நின்று பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "பூவத் தண்ணியில ஊறப்போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கதுக்கா வாங்குவாவ?" அவர் பையைக் கீழே வைத்துவிட்டு எட்டுத் தண்டுக்கும் தண்ணீர் மாற்றினார். நுனியில் இரண்டு மூன்று மொக்கு மிச்சமிருந்ததாம். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் வளர்ந்த எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

வெட்டிய பூக்களாவது பத்து நாளில் போய்ச் சேர்ந்துவிடும். செடிகள் போகாது. எங்களுடையது தரைத்தளத்து வீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, பின்னால் சின்ன முற்றம். அதற்குள் மணி பிளான்ட், குரோட்டன்ஸ், ரப்பர் செடி, ஃபெர்ன் என்கிற பெரணி, கறிவேப்பிலை என்று இருபது தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். விரலை மண்ணில் ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கால்வாசி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கமே சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் பழைய நூல் புடவைத் துணியை நனைத்து, ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். தில்லித் தூசியில் செடிக்கு மூச்சு முட்டுமாம். எங்கள் அலமாரியின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அது வேறு விஷயம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூலரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜூன் மாதம், வெளியே அனல்காற்று. வீட்டில் இருப்பது ஒரே கூலர். அதன் ஈரக்காற்று நேராக விழுகிற இடத்தில் பெரணித் தொட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெரணிக்கு வறண்ட காற்று ஆகாது. எங்களுக்கு ஆகும் போலிருக்கிறது. நாங்கள் மூலையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்போம்.

அதுவும் அவருடைய சொந்தப் பெரணி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியவுடன் தில்லித் தமிழர்கள் பெட்டி படுக்கை, கூஜா, கட்டுச்சாதம் சகிதம் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும். தில்லி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் தொட்டிச் செடி செத்துப்போகும். ஆகவே, போவதற்கு முந்தின நாள் ஆளுக்கு இரண்டு, மூன்று, ஐந்து என்று தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். கூடவே வீட்டுச் சாவியும். தபால் வந்தால் எடுத்து வைக்க. முதலில் வந்தது எங்களுக்கு நேர் மாடியில் இருந்த கும்பகோணத்து மாமி மட்டும்தான். அப்பா எல்லாவற்றையும் பிழைக்க வைக்கிறார் என்ற பேச்சு பரவி, சில வருஷங்களில் பதினோரு குடும்பமாகிவிட்டது. நாங்களும் ஊருக்குப் போகலாமே என்று அம்மா கேட்டால், இத்தனை உயிரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி வேறு. தன் பிள்ளை வியர்வையில் வேகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

எது யாருடையது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, மையால் எழுதி வைப்பார். ஆளின் பெயரை எழுத மாட்டார். எங்களுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற வழக்கமே இல்லை. கும்பகோணத்தார், பாலக்காட்டார், தூத்துக்குடிக்காரர் என்றுதான் சொல்வோம். அதனால் தொட்டிகளிலும் கும்பகோணம் மூன்று, பாலக்காடு ஐந்து, தூத்துக்குடி ஒன்று என்று எழுதியிருக்கும். அதுவும் ஆங்கிலத்தில். ஊரிலிருந்து வந்ததும் தொட்டியை எடுக்க வருவது அந்தந்த வீட்டுப் பிள்ளைகள். தில்லியில் பிறந்த அதுகளுக்குத் தமிழ் படிக்க வராது. எவ்வளவு முன்யோசனை பாருங்கள். அந்த முன்யோசனைதான் எங்கள் தலையில் இடியாக இறங்கியது.

அந்த வருஷம் டிசம்பரில் அப்பா ஓய்வு பெற வேண்டும். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆனால் கூடவே குடியிருக்கும் பிள்ளை அரசு வேலையில் இருந்தால், அதே வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றித் தர ஒரு விதி இருந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் உண்டு. நான் வேறொரு அமைச்சகத்தில் கிளார்க். விண்ணப்பம் போட்டிருந்தோம். அது கிடைத்தால் மூன்று பேரும் அப்படியே இருக்கலாம். கிடைக்காவிட்டால் நான் பெண்கள் விடுதிக்கு, அப்பாவும் அம்மாவும் ஊருக்கு. ஊரில் எங்கே போவார்கள்? பூர்வீக வீட்டில் தன் பங்கைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்த மகாபிரபு எங்கள் அப்பா. அம்மா அந்த வருஷம் முழுக்க, வீடு கிடைத்தால் திருச்செந்தூருக்கு வருவதாக முருகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். விதியில் ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டை வாடகைக்கு விட்டிருக்கக்கூடாது, அதில் வியாபாரம் எதுவும் நடத்தக்கூடாது.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை நேரம், வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த வீட்டில் நர்சரி நடக்கிறது என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வராந்தாவிலிருந்து முற்றம்வரை ஐம்பத்து நான்கு தொட்டிகள். நானே கோபத்தில் எண்ணி வைத்திருந்தேன். அவர் குனிந்து பிளாஸ்திரிகளைப் படித்தார். கும்பகோணம், பாலக்காடு, தூத்துக்குடி, ஈரோடு. ஓகோ, வெளியூருக்கெல்லாம் சரக்கு போகிறதா என்று ஹிந்தியில் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, செடி எங்கும் போகவில்லை, அந்த ஊர்க்காரர்கள்தான் போயிருக்கிறார்கள் என்றார். அப்படியென்றால் எல்லாம் மற்றவர்களின் செடி, நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆமாம். அதற்கு ஏதாவது வாங்குகிறீர்களா? நான் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றேன். கண்ணால் ஜாடை காட்டினேன். தலையை ஆட்டினேன். அப்பா நிதானமாக யோசித்து, ஒன்றும் விட்டுப்போகக்கூடாதே என்கிற அக்கறையோடு சொன்னார்: முறுக்கு, அப்பளம், பாலக்காட்டார் நேந்திரங்காய் சிப்ஸ், போன வருஷம் ஈரோட்டார் ஒரு டப்பா தேங்காய் எண்ணெய். இன்ஸ்பெக்டர் அத்தனையையும் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டுவதற்கு அப்பா உதவி வேறு செய்தார்.

அவர் போனதும் நான் தட்டை வைத்த வேகத்தில் கிளாஸ் ஒன்று உடைந்தது. "ஏம்ப்பா, முறுக்கைப் பத்திச் சொல்லணுமா?" என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்து, "கேட்டாரேம்மா" என்றார். அவ்வளவுதான். கேட்டால் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. குடியிருப்பு வியாபாரத்துக்குப் பயன்படுத்தப்படுவதாகத் தெரிகிறது. சொந்தச் செடிகள் தவிர மற்றவற்றைப் பத்து நாளுக்குள் அகற்ற வேண்டும். ஜூலை மாத முடிவுக்குள் தக்க ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும். அதுவரை வீட்டு மாற்ற விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆதாரம் கொடுக்க வேண்டிய பதினோரு பேரும் ஊரில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை, கத்தினேன். எல்லாவற்றையும் தெருவில் தூக்கி வைக்கச் சொன்னேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இப்போது குத்துதே குடையுதே என்றால் யார் என்ன செய்வது என்று, மகள் தகப்பனிடம் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்பி விட்டுட்டுப் போயிருக்காவ" என்றார்.

கடைசியில் வழி சொன்னது அம்மாதான். பதினோரு வீட்டுச் சாவியும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறதே, அவரவர் தொட்டியை அவரவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தால் என்ன? காய்கறி விற்பவரின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் காலையில் அப்பாவும் நானும் தொட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து, இருபது தொட்டியை எண்ணிப் பார்த்துவிட்டு, விளக்கக் கடிதம் மட்டும் பாக்கி என்று சொல்லிப் போனார். எனக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் ஊற்றிய தண்ணீரை இப்போது பதினோரு இடத்தில் ஊற்ற வேண்டும்; அதில் பாதி மாடி வீடுகள். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் வாளியில் பிடித்து வைப்பார்; அது பகலெல்லாம் நிழலில் நின்று ஆறிய பிறகு, அலுவலகத்திலிருந்து வந்து பொழுது சாயும்போது ஊற்றுவார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாளைக்கு இரண்டு முறை இந்தப் பிரதட்சணம். நான் துணைக்குப் போகவில்லை. நீங்களாக இழுத்துவிட்டுக்கொண்டது, நீங்களே அனுபவியுங்கள் என்றிருந்தேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் இலை துடைக்கக் கிளம்பினார். பதினோரு வீட்டு இலையும்! காலை ஒன்பது மணிக்குப் போனவர் மூன்று மணியாகியும் சாப்பிட வரவில்லை. அனல்காற்றில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே தேடிப் போனேன். பாலக்காட்டார் வீட்டுக்குப் போகிற மாடிப்படியில், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து காய்ந்திருந்தது, வியர்வையே இல்லை. மடியில் ஈரத்துணி, பக்கத்தில் சாவிக்கொத்து. என்னைப் பார்த்து, யாரோ தெரியாதவளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. டாக்டர் வந்து, வெயில் தாக்கியிருக்கிறது, இன்னும் அரைமணி விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார். பத்து நாள் படுக்கை. அம்மா பச்சை மாங்காயைச் சுட்டுக் கரைத்துக் கொடுத்தபடி இருந்தாள். இரண்டாம் நாள் தெளிவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பாலக்காட்டுக்கு யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்பது.

ஆக, சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது. காலையில் பிடித்து வைத்து மாலையில் ஊற்ற எனக்குப் பொறுமை ஏது? முதல் நாள், அரை நாள் விடுப்பில் வந்து, மூன்று மணி வெயிலில் ஒரே சுற்றாக முடித்துவிடலாம் என்று மாடியில் கும்பகோணத்து மாமி வீட்டிலிருந்து தொடங்கினேன். மற்ற வீடுகளில் அப்பா பிடித்து வைத்த வாளித் தண்ணீர் மிச்சமிருந்தது, அங்கே இல்லை. குழாயைத் திறந்தால், மாடி வீடுகளுக்கென்று இருக்கும் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. விரலைச் சுட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். மண்ணில் விழுந்ததும் ஆறிவிடும் என்று நினைத்து, பிடித்துப் பிடித்து ஊற்றினேன். மாமியின் தொட்டிகளில் ஒன்று, அவள் தன் அம்மாவின் வீட்டுக் கிணற்றடியிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து, ஆறு வருஷம் வளர்த்த பெரணி. மறுநாள் போய்ப் பார்த்தபோது அது மட்டும் வெந்த கீரையாகத் தொட்டி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த முட்டாளுக்கும் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வேரில் உயிர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மற்ற வீடுகளுக்கு எப்படி ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மிச்சப் பத்து வீட்டுக்கும் அவர் சொன்னபடியே, ஆறிய தண்ணீரைப் பொழுது சாயும்போது ஊற்றினேன்.

ஜூலையில் எல்லோரும் திரும்பினார்கள். விளக்கக் கடிதம் தயாராக இருந்தது: இந்தச் செடிகள் எங்களுடையவை, நட்புக்காகப் பார்த்துக்கொண்டார், இதில் வியாபாரம் இல்லை என்று பதினோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாமி வந்ததும் அப்பா, நடக்கவே தள்ளாடிக்கொண்டு, மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். என் தவறை நானே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தாம்மா தப்புப் பண்ணிட்டேன். சூடு பாக்காம ஊத்திட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடே போகும் என்று தெரிந்தும் இன்ஸ்பெக்டரிடம் முறுக்கை மறைக்கத் தெரியாத மனிதர், கண் இமைக்காமல் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க பாத்துப்பேள்னுதானே சார் நிம்மதியாப் போனேன்" என்றாள். அவளுடைய அம்மா அந்த வருஷம்தான் காலமாகியிருந்தாள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மாமி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மற்ற பத்துப் பேரும் இரண்டு நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாமியின் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. நான் தினமும் காகிதத்தை நீட்டி, போய் வாங்கி வாருங்கள் என்பேன்; அப்பா செடியைச் சாகடித்துவிட்டு எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது என்பார். சாகடித்தது நீங்கள் இல்லையே அப்பா! சொன்னால் ஏற மாட்டேன் என்கிறது. விளக்கம் கொடுக்கக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாலை, அவர் முற்றத்தில் இருந்தபோது, நானே காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன்: வெந்நீர் ஊற்றியது நான், அவர் அன்றைக்கு வெயிலில் விழுந்து படுக்கையில் கிடந்தார். மாமி காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பின்னே சார் ஏன் தன் தலையில போட்டுண்டார்?" என்று கேட்டாள். தெரியவில்லை மாமி என்றேன். சத்தியமாக எனக்கு அப்போது தெரியவில்லை. மாமி உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவரண்ட நீ சொன்னதாச் சொல்லாதே" என்றாள்.

நவம்பரில் உத்தரவு வந்தது. அம்மா திருச்செந்தூருக்குப் போய்வந்தாள். டிசம்பரில் அப்பா ஓய்வு பெற்றார். தன் வழியனுப்பு விழாப் பூக்களையும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கதவில் இருந்த அவருடைய பெயர்ப் பலகையை அவரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, என் பெயரை மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தெருவரை போய் நின்று பார்த்தார். நான் ஜெயித்த மாதிரி உணர்ந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. வாளி எனக்குக் காலியாகக் கிடைத்தது. பூக்கள் ஒரு பழைய டப்பாவுக்கு மாறியிருந்தன. ஏன் மாறின என்று நான் யோசிக்கவில்லை. வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மே மாதம் வந்தது. ஒரு மாலை, மாமி வாசலில் நின்றாள். கையில் சின்னதாக ஒரு புதுப் பெரணி. ஊருக்குக் கிளம்புகிறாள். கதவைத் திறந்த அப்பா தொட்டியைக் கையில் வாங்கவில்லை. ஒரு நிமிஷம் என்று மாமியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அடுப்படியில் இருந்த என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, வச்சுக்கிடலாமா?" எனக்குப் புரியவில்லை, எதை என்றேன். "மாமி தொட்டிய. இப்ப வீடு உன் பேர்ல இருக்கு. உனக்குச் சிரமம்னா வேண்டாம்னு சொல்லிருதேன்."

எத்தனை வருஷம் இந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறேன்! அந்த வீட்டுக்குள் ஒரு தொட்டியைக் கொண்டுவர அவர் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவிடம் கேட்டதில்லை, என்னிடம் கேட்டதில்லை, அரசாங்கத்திடம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும். கடைசியில் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டு வாங்கிய வீட்டில், அவரைக் குடிவந்தவராக நிறுத்தி வைத்திருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு, "எங்கிட்ட ஏம்ப்பா கேக்கீங்க?" என்று கத்தினேன். வாசலில் மாமிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். நானே போய் அவள் கையிலிருந்து தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து, கூலருக்கு நேரே வைத்தேன். அப்பா பின்னாலேயே வந்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார்.

அவர் திருந்தவில்லை. அடுத்த மே மாதமும் கேட்டார், அதற்கடுத்ததும். கடைசி வருஷம் கட்டிலில் படுத்தபடியே, வாசலில் தொட்டியோடு நின்றவரைக் காக்க வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்துவிட்டு உயரம் உயரமாகக் கட்டிவிட்டார்கள். நான் யமுனைக்கு அந்தப் பக்கம், என் சொந்த வீட்டில் இருக்கிறேன். கேட்காதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் அவரிடம் கத்தினேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டார். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.